படத்தின் கடைசிக் கால்மணி நேரம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் மகள் தொலைக்காட்சியில் ஒரு பழைய படத்தைத் தேடிப் போட்டாள். எங்கள் கல்யாண நாளுக்கு அவள் தரும் பரிசாம். எந்தப் படம் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான மூன்றாம் மாதம், ராமநாதபுரத்தில் நானும் மனைவியும் சேர்ந்து பார்த்த முதல் படம் அது. பனிமலைக்குச் சண்டைக்குப் போகிறான் ஒரு சிப்பாய். அவனுக்காக ஒருத்தி தினமும் ரயில் நிலையத்தில் வந்து நிற்கிறாள். படம் முழுக்க குண்டு, பனி, வராத கடிதம். சிரிக்க ஒரு காட்சி கிடையாது.

நயினார்கோவிலைத் தாண்டியிருந்த எங்கள் ஊருக்கு அப்போது கடைசி பஸ் ஆறு மணிக்கு. ஓட்டுநர் நல்ல மனுஷன். மேட்னி ஷோ நடக்கும் கொட்டகை வாசலில் நிறுத்தி இரண்டு தரம் ஹாரன் அடிப்பார். உள்ளே எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிடுவோம். எந்தப் படத்திலும் கடைசிக் கால்மணி நேரத்தை எங்கள் ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. முடிவை பஸ்ஸில் பேசித் தீர்த்துக்கொள்வோம். இழுபறியானால் நடத்துநர் சொல்வதுதான் முடிவு.

அன்றைக்கு அவருக்கே தெரியவில்லை. பாதிப் பேர் சிப்பாய் செத்துப்போனான் என்றார்கள், மீதிப் பேர் வந்துவிடுவான் என்றார்கள். என் மனைவி எந்தக் கட்சியிலும் சேராமல் ஊர் வரும்வரை அழுதாள். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் வந்தானா இல்லையா என்று மட்டும் விசாரித்துச் சொல்லும்படி கேட்டாள்.

நான் அப்போது டவுன் பள்ளிக்கூடத்தில் வரலாறு வாத்தியார். வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டகைக்குப் போனேன். டிக்கெட் கிழிப்பவர் என் மாணவனின் தகப்பனார். கடைசிப் பகுதிக்கு மட்டும் உள்ளே விட்டார். சிப்பாய் பனிக்குள் புதைந்து போகிறான். தந்தி வருகிறது. அந்தப் பெண் அதைப் படிக்காமலே தண்டவாளத்தில் விட்டுவிட்டு, மறுநாளும் அதே இடத்தில் வந்து நிற்கிறாள். இருட்டுக்குள் உட்கார்ந்து நன்றாக அழுதேன். பஸ் போய்விட்டது. மிளகாய் மூட்டை ஏற்றிய லாரியில் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

கண் ஏன் சிவந்திருக்கிறது என்றாள். மிளகாய் நெடி என்றேன். அது முதல் பொய். டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டேன், சிப்பாய் வந்துவிட்டானாம், ஒரு கால் மட்டும் கொஞ்சம் நொண்டுதாம், கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டார்களாம், இரட்டைப் பெண்பிள்ளைகளாம் என்றேன். எத்தனை பொய் என்று எண்ணவில்லை. அவள் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டாள். மறுநாளே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். யாராவது சந்தேகப்பட்டால், "எங்க வீட்டுக்காரக பொய் சொல்ல மாட்டாக" என்பாள்.

அந்த வாக்கியம் அதோடு நிற்கவில்லை. ரேஷன் கடையில், மகளுக்கு மாப்பிள்ளை பேசியபோது, எல்லா இடத்திலும் அதையே சொன்னாள். ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கமான மனுஷன் என்று பெயர் வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் பார்க்க, இப்போது நாங்கள் குடியிருக்கும் டவுன் வீட்டின் எதிர்வீட்டம்மாவும் வந்திருந்தார். பெரியபட்டினத்துக்காரர், என் மனைவியின் சிநேகிதி. முடிவு நெருங்கும்போது துபாயிலிருந்து மகன் வீடியோ காலில் கூப்பிட, எழுந்து போய்விட்டார். மற்ற மூவரும் பார்த்தோம். பனி, தந்தி, தண்டவாளம். படம் முடிந்தது.

என் மனைவி அழவில்லை. "டிவிக்காரன் முடிவைக் கத்தரிச்சுட்டான். பெங்களூரு போறதே இதுல இல்லை" என்றாள். முழுப் படம் கிடைக்குமா என்று மகள் போனில் தேட ஆரம்பித்தாள். நான் பேசாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். படமே பொய்யாக இருக்கலாம், நான் பொய் சொல்லியிருக்க முடியாது என்று அவள் நம்பியதுதான் தாங்கவில்லை.

"கத்தரிக்கலை. படம் அவ்வளவுதான். நான்தான் பொய் சொன்னேன்."

"அந்த ரெட்டைப் பிள்ளைக?"

"நானாச் சொன்னது."

"இதுதான் முடிவுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன்."

"என்னைய விட்டுட்டுத் தனியாவா போய்ப் பாத்தீக?"

அவள் எழுந்து உள்ளே போனாள். இத்தனை வருஷமும் பொய்க்காகத்தான் வெட்கப்பட்டேன். அவளைத் தனியாக அழவிட்டதும், நான் தனியாகப் போய் அழுததும் அதுவரை என் கணக்கிலேயே வரவில்லை. அன்று சாயங்காலம் எனக்கு டீ வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை.

பத்து மணிக்கு எதிர்வீட்டம்மா, முடிவு முன்னால் கேட்டிருந்தபடியேதானா என்று தெரிந்துகொள்ள வந்தார். என் மனைவி முகம் மாறாமல் சொன்னாள்: நொண்டிக்கொண்டு வந்துவிட்டான், கல்யாணம், பெங்களூர், இரட்டைப் பெண்பிள்ளைகள். "அப்பறம் ஒரு பையனும் பொறந்தான்."

"பையனா? நீ முந்தி சொன்னப்ப பையன் இல்லையே."

"கடைசியில வாரான். வேணும்னா அவகளையே கேட்டுப் பாரு. எங்க வீட்டுக்காரக பொய் சொல்ல மாட்டாக."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆமா," என்றேன். "பையன் அப்பனை உரிச்சு வச்ச மாதிரி இருந்தான்."

கொஞ்ச நேரத்தில் டீ வந்தது.