ஒழுங்கான புள்ளிகள்

போன வாரம் ஓர் ஆய்வுக் கட்டுரை படித்தேன். ஒரு பொருள் உடையும்போதே அதற்குள் விரிசல் ஓடுவதை ஊடுகதிர் கொண்டு பார்க்கிறார்களாம். நீட்சியை அளக்க மேற்பரப்பில் வைக்க வேண்டிய புள்ளிகளையும் கணினியே வடிவமைத்துத் தருகிறதாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு ஹந்தானை மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஆய்வுகூடமும், அங்கே என்னோடு இருந்த தோழியும் ஞாபகத்துக்கு வர, அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

அவள் யாழ்ப்பாணத்துக்காரி. வாழைநாரைப் பிசினில் தோய்த்து இறுக்கித் தகடு செய்து, அது எவ்வளவு இழுவையைத் தாங்கும் என்று பார்ப்பதுதான் அவளுடைய பட்ட ஆய்வு. நான் மலையகப் பக்கம், மஹய்யாவக்காரி; அதே கூடத்தில் எனக்கு வேறு ஆய்வு. டொலர் தட்டுப்பாட்டுக் காலம் அது. வெளிநாட்டுப் பிசின் வருவது நின்றுபோயிருந்தது. அவள் கையில் மிஞ்சியவை ஐந்தே தகடுகள். ஒரு தகட்டை ஒரு முறைதான் இழுத்து உடைக்க முடியும். அந்த ஐந்தில் முடிவு கிடைக்காவிட்டால் மூன்று வருட உழைப்பு அம்போ.

தகட்டில் வெள்ளை பூசி, மேலே கறுப்புப் புள்ளிகள் வைத்து, இயந்திரம் இழுக்க இழுக்கக் கமராவால் படம் எடுப்போம். புள்ளிகள் நகர்வதைப் பார்த்து, தகடு எங்கே எவ்வளவு நீள்கிறது என்று கணினி சொல்லும். முதல் மூன்று தகடுகளுக்கும் புள்ளி வைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். பெருமைதான், வேறென்ன? மார்கழி முழுக்க வாசலில் கோலம் போட்டுப் பழகிய கை. மெல்லிய பேனையால் வரிசையும் இடைவெளியும் பிசகாமல் வைத்தேன்.

“அச்சடிச்ச மாதிரிக் கிடக்கு,” என்றாள் அவள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

முடிவுகள் அதைவிட அழகாக வந்தன. மூன்று தகடும் நாங்கள் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே நீண்டிருந்தன. அவ்வளவு விறைப்பான பொருள் என்று அர்த்தம். அவள் அன்றே அந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள், சும்மா இருக்க மாட்டாமல், இயந்திரத்தின் பிடி நகர்ந்த தூரத்தையும் கணினி சொன்ன நீட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். மூன்று தகட்டிலும் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு புள்ளி இடைவெளி. தாறுமாறாகத் தெளித்த புள்ளிகள் என்றால் ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். கணினி அடையாளம் கண்டுகொள்ளும். என் புள்ளிகளோ எல்லாம் ஒரே மாதிரி. பக்கத்துப் புள்ளியைப் பழைய புள்ளி என்று அது நம்பிவிட்டது. படங்களை நேரம் விட்டு விட்டு எடுத்திருந்ததால், நடுவில் புள்ளி நகர்ந்த வழியைப் பார்த்துத் திரும்பக் கணக்கிடவும் முடியாது.

இரண்டு நாள் நான் வாயே திறக்கவில்லை. யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள், மழைக்குள் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னேன். “அந்த மூனு முடிவும் பிழைங்க. நான் புள்ளிய வரிசையா வச்சதுல கம்ப்யூட்டர் ஏமாந்திருச்சி.”

“ஓம், தெரியும். நேற்றே கண்டிட்டன்.”

“அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?”

“நீராச் சொல்லுவீரோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்,” என்றாள். “சொல்லாட்டி மிச்ச ரெண்டையும் தனியச் செய்திருப்பன்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் சுட்டது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகிற சனத்துக்கு நடுவே நின்று அழுதேன்.

அடுத்த நாள் மிச்ச இரண்டு தகடுகளுக்கும் சேர்ந்தே வெள்ளை பூசினோம். பழைய பல் பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்து என் கையில் தந்து, “கண்ணை மூடிக்கொண்டு தெளியும்,” என்றாள். ஒரு தகடு பிடியில் நழுவி வீணானது. மற்றது நடுவில், உடைய வேண்டிய விதமாக உடைந்தது.

அந்த ஒரே முடிவை வைத்து, மற்றவை கெட்ட விதத்தையும் ஒளிக்காமல் எழுதி, ஆறு மாதம் பிந்திப் பட்டம் வாங்கினாள். ஆய்வேட்டின் பிரதி என்னிடம் இருக்கிறது. கெட்டுப்போன மூன்று தகடுகளைப் பற்றிய பக்கத்தில், புள்ளிகளை நாங்கள் இருவரும் வரிசையாக வைத்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறாள். அந்த மூன்றிலும் அவள் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.