மூட்டையின் அடிவரை

வீரபாண்டி பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போதும் சாலையோரச் செடியில் ஓர் இலையைக் கிள்ளி, நுனியைப் பிடித்து இழுக்கிறார் ஒச்சம்மாள். அதை எறிந்துவிட்டு உடனே இன்னொன்று. "கை சும்மா இருக்க மாட்டேங்குதுய்யா" என்கிறார். கால் மட்டும் சும்மா இருக்கிறதாக்கும்!

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். பன்னிரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங். இப்போது சாரதாமணி நடத்தும் இயற்கைச் சாயப் பட்டறையில், நீலச் சாயத்துக்கு வரும் அவுரித் தழையைப் பார்த்து வாங்குகிறார். அவுரியோடு கொழிஞ்சியும் கலந்து வந்துவிடும். இரண்டும் ஒரே வகையறா. வெறும் தழையைக் காட்டிக் கேட்டால் நானெல்லாம் சத்தியமாகத் தோற்றுப்போவேன்.

"கொழிஞ்சிக் காய் தட்டை, அவுரிக் காய் உருண்டை. காய் இல்லேன்னா இலைய இழு. அவுரி கன்னாபின்னான்னு கிழியும். மீன்வாலு மாதிரி பிஞ்சா கொழிஞ்சி. அதுல எங்கிட்டிருந்து நீலம் வரும்?"

இவ்வளவு தெரிந்தவர் போன மாதம் சறுக்கினார். பனியனில் கட்டுக்கு நாலு உருவிப் பார்க்கிற பழக்கம். மூட்டையிலும் வாய்ப்பக்கம் நாலு கொத்து பார்த்து உள்ளே விட்டுவிட்டார். அடியில் முழுக்கக் கொழிஞ்சி. தொட்டியில் நீலம் பேருக்குத்தான் வந்தது. "இன்னொரு தொட்டி கெட்டா நீங்க வேலைக்கு வர வேண்டாமுங்க" என்றுவிட்டார் சாரதாமணி. மரியாதையாகச் சொன்னதால் இன்னும் அதிகமாகச் சுட்டது. அன்று முதல் ஒவ்வொரு மூட்டையையும் தரையில் கவிழ்க்கிறார். உட்காருவதில்லை, டீ ஆறிப்போகிறது, பார்க்கிற நமக்கு மூச்சு வாங்குகிறது.

நான் பட்டறைக்குப் போயிருந்த அன்று கணியூரிலிருந்து தழை ஏற்றி வந்தவர் காசிமாயன், ஒச்சம்மாளின் உடன்பிறந்த தம்பி. ஒன்பது மூட்டை. எட்டு சுத்தம். ஒன்பதாவதில் அடியில் எடுத்த இலையெல்லாம் மீன்வாலாகப் பிய்ந்தது.

"ஒரு மூட்டதானக்கா. மத்ததோட கலந்துரும். எனக்கு இதுதான் மொத லோடு."

"நீ என் தம்பின்னு தொட்டிக்குத் தெரியுமாடா?"

சாரதாமணி வாசலில் வந்து நின்றார். ஒச்சம்மாளின் முகம் கறுத்துவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. ஒச்சம்மாளே அந்தத் தழையை அள்ளித் திணித்து, சாக்கின் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டினார். தம்பி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அதை வண்டியில் திருப்பி ஏற்ற, ஒச்சம்மாள் குனிந்து சாக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைத் தம்பி தூக்கும்வரை நிமிராமல் நின்றார்.