அத்தைக்கு அனுப்பிய மலை

மாடியில் துணி காயப் போடும்போதெல்லாம் எனக்கு ஒரு குரல் கேட்கிறது. வயதான பெண்ணின் குரல். பேசுவது அரபி, எனக்கு ஒரு வார்த்தையும் புரியாது. ஆனால் எங்கே குரலை உயர்த்துவாள், எங்கே இருமுவாள், எந்த இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொள்வாள் என்பதெல்லாம் மனப்பாடம். பின்னால் ஒரு கோழி கத்தும். அந்தக் குரலைப் போன வருஷம் என் மாடியில் தினமும் காலையில் போனில் போட்டுக் கேட்டவள் இப்போது இங்கே இல்லை. இருந்தும் ஈரப் புடவையை உதறிக் கொடியில் போடுகிற நேரத்தில் கோழி கத்துகிறது. எங்கள் தெருவில் யாரும் கோழி வளர்ப்பதில்லை.

என் வீடு செங்கம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், ஆசிரமத்துக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு மாடி அறையை வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தேன். அவர்கள்மேல் எனக்குப் பெரிய பக்தியெல்லாம் கிடையாது. உலகமே மாயை என்பார்கள், கீசரை அணைக்க மாட்டார்கள். குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்துப் பழக்கிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அப்புறம் அந்தக் குரங்கோடு மல்லுக்கு நிற்பது நான்.

அவள் அப்படி இல்லை. அமெரிக்காவில் பிறந்தவள், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள், நாற்பது வயதுக்குக் கொஞ்சம் மேலே. எந்த ஊர் என்று கேட்டதற்கு, "நான் அமெரிக்கா. அப்பா அம்மா பாலஸ்தீனம்" என்றாள். நாங்கள் பேசிக்கொண்டது இங்கிலீஷில்தான். நினைவில் தமிழாகத் தங்கிவிட்டதால் அப்படியே எழுதுகிறேன். வந்த இரண்டாம் நாளே என்னை அக்கா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள், கீசரையும் அணைத்தாள்.

அவளுடைய அப்பாவின் தங்கை காஸாவில் இருந்தாள். பெற்றவர்கள் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, இவளைத் திட்டுவதற்கு உலகத்தில் மிச்சமிருந்தது அந்த அத்தை ஒருத்திதான். இவள் இங்கே வந்த வாரத்தில் அத்தையிடமிருந்து போனில் ஒரு குரல் பதிவு வந்தது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, அந்த ஊரில் அப்படி என்ன இருக்கிறது, ஏதோ மலை மலை என்கிறாயே, அதைப் படம் எடுத்து அனுப்பு, நானும் பார்க்கிறேன் என்று அதில் பேசியிருந்தாள். இவள் மாடியிலிருந்து மலையைப் படம் எடுத்து அனுப்பினாள். அனுப்பியதற்கு ஒரு டிக் விழுந்தது. போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது டிக் விழவே இல்லை.

தினமும் காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் அவள் அதைத்தான் பார்ப்பாள். பிறகு அந்தப் பழைய பதிவைப் போட்டுக் கேட்பாள். நான் துணியோடு போய் நின்றால் நிறுத்த மாட்டாள், நானும் கேட்கட்டும் என்று விட்டுவிடுவாள். சில நாளில் நானே, "இன்னிக்கு ரெண்டாவது டிக் வந்துச்சா?" என்று கேட்பேன். இல்லை என்று தலையாட்டுவாள். அந்த மலை எங்கள் கண்ணுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும். இத்தனை பெரியது ஒரு போனுக்குள் போய்ச் சேரமாட்டேன் என்கிறதே என்று எனக்கு மலைமேலேயே கோபம் வந்தது.

புரட்டாசியில் என் தம்பி வந்தான். முப்பது வருஷத்துக்கு மேலாக அமெரிக்காவில் இருக்கிறான். எங்கே இருந்தாலும் மகாளய அமாவாசைக்கு வந்து அய்யங்குளத்தில் அப்பா அம்மாவுக்குத் திதி கொடுத்துவிடுவான். கீழ்பென்னாத்தூரில் எங்கள் பழைய வீட்டைப் புதுசாகக் கட்டி, டைல்ஸ் போட்டு, பூட்டி வைத்திருக்கிறான். வருஷத்துக்கு ஒரு தடவை திறந்து, ஃபேனைச் சுழலவிட்டு, நடு ஹாலில் நாற்காலி போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பூட்டுவான். அந்த வீட்டைத் தாண்டிப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது நான் மறுபக்கம் திரும்பிக்கொள்வேன். ஆளில்லாத வீட்டுக்கு அத்தனை ஜன்னல் எதற்கு?

தம்பி நல்லவன். ஒரே ஒரு வியாதி, எதை எடுத்தாலும் ஒப்பிடுவான். சின்ன வயதில் என் தட்டில் விழுந்த அப்பளத்தையும் அவன் தட்டில் விழுந்த அப்பளத்தையும் ஒப்பிட்டவன், இப்போது ஜனங்களை ஒப்பிடுகிறான். யார் பிள்ளைகள் எந்தக் காலேஜ், யார் எத்தனை வருஷத்தில் வீடு வாங்கினார்கள், யார் வீட்டில் விவாகரத்து ஜாஸ்தி, யார் வீட்டில் கம்மி. அவன் சொல்லச் சொல்ல நான் வாயைப் பிளந்து கேட்பேன், மறுநாள் தெருவில் நானே சொன்னதுபோலச் சொல்லிக்கொள்வேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியானம், மூன்று பேரும் கீழே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் குடும்பம் எங்கிருந்து போனது என்று தெரிந்ததும் தம்பிக்கு நாக்கு நிற்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று ஆரம்பித்தான். அப்படி ஆரம்பித்தாலே தப்பாகத்தான் முடியும். "எங்க ஏரியால எல்லாரும் இருக்காங்க. வியட்நாம், கொரியா, எங்காளுங்க, உங்காளுங்க. எல்லாரும் வெறுங்கையோட வந்தவங்கதான். ஆசியாக்காரங்க பசங்கள்லாம் டாக்டர், இன்ஜினியர்னு மேல வந்துட்டாங்க. உங்காளுங்க மளிகைக் கடை, பெட்ரோல் பங்க்னு அங்கயே நின்னுட்டாங்க. அது ஏன்னு எனக்குப் புரியவே இல்ல."

அவள் ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, "பாலஸ்தீனம் எந்தக் கண்டத்துல இருக்கு?" என்று கேட்டாள்.

தம்பி யோசித்தான். அவன் காது சிவந்ததைப் பார்த்து நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். ஆனால் கணக்கு டீச்சர் இல்லையா, அதோடு விடவில்லை.

"எங்கண்ணன் பல் டாக்டர். சித்தப்பா பொண்ணு வக்கீல். பெட்ரோல் பங்க்ல நின்னவர் எங்கப்பா. அவர் படிச்சது இன்ஜினியரிங். நீங்க எதையெல்லாம் எண்றீங்களோ அதெல்லாம் எங்க வீட்லயும் இருக்கு. முன்னுக்கு வராதவங்களும் இருக்காங்க, உங்காளுங்கள்ல இருக்கற மாதிரியே. நான் பார்த்த வித்தியாசம் வேற. அப்பா வீடு வாங்கி ரொம்ப வருஷம் தோட்டத்துல ஒரு செடிகூட வைக்கல. திரும்பிப் போகப் போறோமே, எதுக்குன்னு கேட்பார். அம்மா கடைசில ஒரு எலுமிச்சை வெச்சாங்க. அன்னிக்கு அவர் சாப்பிடல."

தம்பி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவளே தொடர்ந்தாள். "என்னை இங்க கூட்டிட்டுப் போற ஆட்டோக்காரர் இலங்கை அகதிங்க முகாம்ல பிறந்தவர். பக்கத்துலதான் இருக்காம். உங்க மொழியே பேசறார், அவரும் பசங்களைப் படிக்க வைக்கிறார். உங்க பசங்களையும் அவர் பசங்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கீங்களா?"

"அது வேற கதைங்க" என்றான் தம்பி.

"ஆமா. எங்களோடதும் அந்தக் கதைதான்."

அவன் கை கழுவப் போய் வெகு நேரம் குழாயடியிலேயே நின்றான். திரும்பி வந்தவன் முகம் மாறியிருந்தது. அத்தையைப் பற்றி மெதுவாக விசாரித்தான். அவள் போனில் மலையின் படத்தையும் அந்த ஒற்றை டிக்கையும் காட்டினாள். அத்தையின் பெயரைச் சொன்னாள். அவன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துச் சரியாகப் பிடித்துக்கொண்டான். அத்தை இருந்த வீடு என்று இழுத்தான்.

"வீடு போயிடுச்சு. பக்கத்துத் தெருக்காரங்க சொன்னாங்க. அத்தை எங்கேன்னு தெரியல."

மறுநாள் விடியும்போது அய்யங்குளத்தில் கால் வைக்க இடமில்லை. படிக்கட்டு முழுக்க இலையும் எள்ளும் ஈர வேட்டியும். தம்பி தண்ணீர் ஓரமாக எங்கள் அய்யருக்கு எதிரே உட்கார்ந்தான். நான் வாழைக்காயும் அரிசியும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு நாலைந்து படி மேலே இருந்தேன். அப்பா, தாத்தா, அம்மா, பாட்டி என்று வரிசையாகப் பெயர் சொல்லித் தண்ணீர் விட்டு முடித்தார்கள். அய்யர் வழக்கம்போல, "வேற யாருன்னா இருக்காங்களா? சொந்தம், சிநேகிதம் யாரா இருந்தாலும் சொல்லலாம்" என்று கேட்டார்.

தம்பி அந்த அத்தையின் பெயரைச் சொன்னான்.

"கோத்திரம்?"

"தெரியாது சாமி."

"அப்போ காசியப கோத்திரம்னு வெச்சுக்கலாம்."

கோத்திரம் தெரியாதவர்களுக்கெல்லாம் அதுதான் வழக்கம். அய்யர் அந்தப் பெயரைத் தன் வாய்க்குத் தகுந்தபடி வளைத்துச் சொன்னார். நான் பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். டேய், இருடா என்று கத்துவதற்குள் அவன் விரல் வழியாக எள்ளும் தண்ணீரும் இறங்கிவிட்டன. எங்கள் வழக்கத்தில் உயிரோடு இருப்பவர்கள் பெயரை அந்த இடத்தில் வாயில்கூட எடுக்க மாட்டோம். அவனோ கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சுருகிச் செய்தான். வீடு போய்விட்டது என்று கேட்டதுமே அவன் மனசில் அத்தையும் போய்விட்டாள். கொள்ளி போட ஆளில்லாமல் போன ஒரு கிழவிக்கு, நேற்றுப் பேசிய பேச்சுக்குப் பரிகாரமாக, தன்னால் ஆனதைச் செய்தான்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரும்போது, "அவகிட்ட எதுவும் சொல்லித் தொலைக்காதே" என்றேன். "நல்லதுதானேக்கா செஞ்சேன்" என்றான். அதற்குமேல் நடுரோட்டில் என்ன சொல்ல முடியும்?

படையல் போட்டு, காக்காய்க்கு வைத்து, அவளையும் கீழே சாப்பிடக் கூப்பிட்டேன். வடையும் பாயசமும் அவளுக்குப் பிடித்திருந்தது. நான் அடுப்பங்கரையிலிருந்து அப்பளம் எடுத்து வருவதற்குள் தம்பி சொல்லிவிட்டான். "இன்னிக்குக் குளத்துல உங்க அத்தைக்கும் சேர்த்துச் செஞ்சேங்க."

அவள் முகம் மலர்ந்தது. பூஜை என்று நினைத்திருப்பாள். "ரொம்ப நன்றி. அது யாருக்காகச் செய்யறது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அப்பளத் தட்டோடு நான் வாசற்படியில் நின்றேன். பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"செத்தவங்களுக்கு" என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். "யார் சொன்னாங்க? உங்களுக்கு யார் சொன்னாங்க? எப்போ?"

அப்போதுதான் புரிந்தது. எங்களுக்கு ஏதோ தகவல் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். எச்சில் கையோடு போனை எடுத்து யார் யாருக்கோ போட்டாள். தம்பி, "இல்லம்மா, யாரும் சொல்லலம்மா, நானாதான், நானா நினைச்சிக்கிட்டேன்" என்று தமிழும் இங்கிலீஷும் கலந்து உளறினான். அவளுக்கு அது ஏற ரொம்ப நேரம் பிடித்தது. ஏறியதும் தரையில் உட்கார்ந்து, குரல் பதிவைப் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டாள். கோழி கத்தியது. திரும்பத் திரும்பக் கத்தியது.

அவள் மேலே போன பிறகு தம்பி மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருந்தான். "அக்கா, அப்பா போனது எனக்குப் போன்லதான் தெரியும். நான் வர்றதுக்குள்ள எடுத்துட்டாங்க. அதுக்கு இன்னும்கூட உன்மேல கோவம் இருக்கு. ஆனா எனக்குச் சேதி வந்துச்சுக்கா. நீ போன் பண்ணே. திறக்கறதுக்கு ஒரு வீடு இருந்துச்சு, வந்து சாம்பலையாவது பார்த்தேன். நான் என்னத்தை எண்ணிக்கிட்டிருந்தேன் இத்தினி நாளா?" என்று சொல்லி அழுதான். அவனைத் திட்டத்தான் கிளம்பினேன், என்னால் முடியவில்லை.

சாயங்காலம் மேலே டீ கொண்டு போனேன். அவள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைத் திரும்ப எடுத்துக்க உங்க வழக்கத்துல வழி இருக்கா?" என்று கேட்டாள். அப்படி ஒரு வழி எனக்குத் தெரியாது. ஆனால் இன்னொன்று தெரியும். காக்காய் ஒருத்தர் தலையில் அடித்துவிட்டால், அந்த ஆள் செத்துவிட்டதாகச் சொந்தக்காரர்களுக்குச் சேதி சொல்லி அனுப்புவார்கள். அவர்கள் அழுதுவிட்டால் கண்டம் கழிந்தது என்று அர்த்தம். அதைச் சொன்னேன். உயிரோடு இருப்பவர்களைச் செத்ததாகச் சொல்லி அழுதால் ஆயுசு கூடும் என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்" என்றேன். அன்றைக்கு அதை நம்பித்தான் சொன்னேன். ராத்திரி படுத்த பிறகு பயமாக இருந்தது.

விசா முடிந்து அவள் ஊருக்குப் போனாள். மாதம் ஒரு தடவையாவது செய்தி அனுப்புவாள். நான் கேட்பது எப்போதும் அதே கேள்வி, அவள் பதிலும் அதே பதில். மாடி அறைக்கு அப்புறம் வேறு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். யாருக்கும் அந்தக் கோழிச் சத்தம் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த வருஷமும் தம்பி வந்தான். குளத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் என் போனை வாங்கிப் பார்த்தான். "மலை இன்னும் போய்ச் சேரல அக்கா" என்று அவளிடமிருந்து வந்திருந்தது. போனைத் திருப்பிக் கொடுத்தான்.

அதே படி, அதே அய்யர். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விட்டு முடித்து, வேற யாருன்னா என்று அவர் கேட்கிற இடம் வந்தது. தம்பி பழக்கத்தில் எள்ளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தான். அய்யருக்கு நல்ல ஞாபகசக்தி.

"போன வருஷம் வெளிநாட்டு அம்மா ஒருத்தர் பேர் சொன்னீங்களே. காசியப கோத்திரம்னு வெச்சோமே. அவங்களையும் சேர்த்துக்கலாமா?"

தம்பி திரும்பி மேல்படியில் இருந்த என்னைப் பார்த்தான். நான் தலையசைக்கவில்லை. என்ன அசைப்பது என்று எனக்கே தெரியவில்லை.

"இல்ல சாமி" என்றான். "அவங்க இருக்காங்க."

கையிலிருந்த எள்ளைத் திரும்ப இலையில் உதறினான். ஈரக் கை, அதனால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. மறுபடி உதறினான். பிறகு வேட்டியில் தேய்த்தான். அய்யர் அடுத்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், அவன் இன்னும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.