தகரப்பெட்டி திறந்த வேளை

உள்ளறையில் தகரப்பெட்டியின் மூடி கிறீச்சிட்டது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த யூஜினியா திரும்பிப் பார்த்தாள். யாராவது இறந்தால்தான் அந்தப் பெட்டியைத் திறப்பார்கள். எதிரே இருந்தவர் மாப்பிள்ளை அருண் ஜோசப்பின் தாய், காரைக்குடியில் ஆசிரியை. பூ வைக்க நாள் பேச வந்தவர், தன் ஒரே நிபந்தனையைச் சொல்லி முடித்திருந்தார்.

“பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா நீங்க பொணம் குளிப்பாட்டப் போறத இன்னியோட விட்டுறணும். சம்பந்தி என்ன செய்யிறாகன்னு கேக்குறவுகளுக்கு நான் எதைச் சொல்ல?”

யூஜினியா தலைகுனிந்தாள். புதுவயல் அரிசி ஆலையில் கூலிக்குப் புடைத்து வளர்த்த ஒற்றை மகள் மரிய அனிதா. இந்த மாப்பிள்ளையை அவளுக்கு மனசாரப் பிடித்திருந்தது. தாய்க்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த வேலையை அவள் தேடிப் போகவில்லை. கணவர் காசநோயில் இறந்த அன்று, தொற்றிக்கொள்ளும் என்று சொந்தமெல்லாம் வாசலோடு நின்றுவிட்டது. தன்னந்தனியாக அவரைக் குளிப்பாட்டி வேட்டி கட்டினாள். ‘என்னை ஏன் ஆண்டவரே?’ என்று பீடத்தின் முன் பல மாதம் அழுதாள். பதில் வரவில்லை. பிறகொருநாள், நாதியில்லாத ஒரு கிழவி இறந்த வீட்டுக்குக் கால்கள் தாமாகவே நடந்தன. அந்த உடம்பைத் துடைத்து, விரல்களில் ஜெபமாலையைச் சுற்றியபோது நெஞ்சில் ஓர் அமைதி இறங்கியது. பங்குச் சாமியாரிடம் சொன்னாள். கன்னியர் மடத்துக்குப் போவது மட்டுமே இறை அழைத்தல் இல்லையம்மா என்றார் அவர். அன்று முதல், பங்கில் எந்தப் பெண் இறந்தாலும் யூஜினியாவைத்தான் தேடுவார்கள். கல்யாண வீட்டில் மட்டும் அவளைக் கடைசிப் பந்திக்குத் தள்ளுவார்கள்.

‘விட்டுவிடுகிறேன்’ என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அனிதா வெளியே வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. கையிலோ வெள்ளைத் துணியும் சோப்பும் மெழுகுவத்தியும்.

“அம்மா, அம்மாக்கண்ணு பெரியம்மா போயிட்டாகளாம். அவுக மக கொல்லைப்பக்கம் நின்னு அழுகுது. நீ வாரியா, நான் போகட்டா?”

“நல்லாருக்கு. பூ வைக்கப் பேச வந்த எடத்துல பொணத்துக்குச் சாமான் எடுக்குறீக,” என்றார் மாப்பிள்ளையின் தாய்.

“எங்கப்பாவ ஒருத்தரும் தொடல அத்தே. அம்மாதான் தொட்டுச்சு.”

யூஜினியா எழுந்தாள்.

“விட்டுர்றேன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். நானா எடுத்த வேலைன்னா விட்டுருவேன். இது ஆண்டவர் குடுத்தது. நீங்க மன்னிக்கணும்.”

மாப்பிள்ளையின் தாய் எழுந்தார். கொண்டுவந்த பூவையும் பழத்தையும் பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, காப்பியைத் தொடாமலே படியிறங்கினார்.

கண்ணீர் வெள்ளைத் துணியில் விழுந்துவிடாதபடி அனிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யூஜினியா மகளின் தலையிலிருந்த மல்லிகையை மெல்லக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கொல்லையில் அம்மாக்கண்ணுவின் மகள் இன்னும் விம்மிக்கொண்டிருந்தாள்.

யூஜினியா போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு, துணியை வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள்.