சூசை கெடுத்ததாக எழுதப்பட்ட ஜீப்

போன திங்கட்கிழமை மதியம், நிலக்கோட்டை பஸ்ஸிலிருந்து இறங்கிவந்த எங்கள் அலுவலகப் பியூன் என் மேஜைக்கு முன்னால் நின்று, "டிரைவர் சூசை போயிட்டாரு சார்" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. இந்த ஒரு வாரத்தில் யோசித்து யோசித்து ஒரு பட்டியலே சேர்ந்துவிட்டது. அதில் என் பெயரும் இருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். உருப்படாத ஜீப்பை ஒன்பது வருடம் ஓட்டிக் காட்டிய கெட்டிக்காரர், இனி இப்படி ஒரு டிரைவர் கிடைக்கமாட்டார் என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஜீப்பை ஓட்டிக் காட்டவேண்டும் என்று சூசை ஆசைப்பட்டதே இல்லை. அதை ஒழித்துக்கட்டத்தான் மனிதர் படாத பாடு பட்டார். கூட்டத்தில் எழுந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவரோடு பழகாத உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள ஒன்றிய அலுவலகங்களில் ஒன்றில் நான் தலைமை எழுத்தர், அவர் ஜீப் டிரைவர். எந்த அலுவலகம் என்று சொல்லி வம்பை விலைக்கு வாங்க விரும்பவில்லை. அந்த ஜீப் யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துவிட்ட வண்டி. எங்களிடம் வருவதற்கு முன்பே மூன்று இலாகாக்கள் அதை உருட்டி ஓய்ந்திருந்தன. மைல் காட்டும் மீட்டர் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடித்து, மறுபடியும் சைபரிலிருந்து புறப்பட்டிருந்தது. வண்டி கிழமாகிவிட்டது என்று நான் முதல் குறிப்பு எழுதியபோது, அப்போதைய அதிகாரி மீட்டரைப் பார்த்துவரச் சொன்னார். மீட்டர்படி அது பேருக்குத்தான் ஓடியிருந்தது. "இந்த மைலுக்குப் புது வண்டி கேட்டால் மேலே சிரிப்பார்கள்" என்று கோப்பைத் திருப்பிவிட்டார். சூசை அதைக் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கும் மீட்டர் மாட்டுங்க சார், நானும் எளவட்டமாயிருறேன்" என்றார்.

இது அதிகாரிகளை ஏற்றிக்கொண்டு திரியும் வண்டி மட்டும் என்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். கிராமங்களில் பிரசவம் சிக்கலானால் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அந்த வட்டாரத்தில் இருந்தது இந்த ஒரே வண்டிதான். நர்ஸ் ரஞ்சிதம் சொல்லி அனுப்பினால் சூசை சோற்றுக் கையைக் கழுவிக்கொண்டே கிளம்பிவிடுவார்.

ஒருநாள் ஆத்தூர் அணைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு வரும்போது, சரிவில் பிரேக் அடியோடு போய்விட்டது. எதிரே ஆட்டு மந்தை. சூசை வண்டியைப் பக்கத்துச் சோளக்கொல்லைக்குள் திருப்பி, விளைந்து நின்ற பயிரில் உரசவிட்டே நிறுத்தினார். பின்னால் ரஞ்சிதம் அந்தப் பெண்ணைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மாட்டுவண்டியைப் பிடித்து மெயின் ரோட்டுக்கு வந்து, அங்கிருந்து பூக்கூடை ஏற்றிவந்த வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்ததை அவர்கள் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும்.

அன்று சாயந்திரம் சட்டையெல்லாம் சோளத்தாள் ஒட்டியிருக்க அவர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "இனிமே ஒரு பிள்ளைத்தாச்சிய இதுல ஏத்துனா அந்தப் பாவம் எனக்குத்தான் சார். கண்டம்னு எழுதுங்க" என்றார். இனி ஓடத் தகுதியில்லை என்று ஒரு வண்டியைக் கழித்துவிடுவதைத்தான் கண்டம் என்பார்கள். எழுதினேன். அதிகாரி படித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? பிரேக் இல்லாமலே நிறுத்தத் தெரிந்த டிரைவர் இருக்கும்போது வண்டியைக் கழிப்பானேன் என்றார். இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு மனிதனின் திறமையையே அவன் கழுத்தில் கல்லாகக் கட்டிவிட்டார்கள்.

ஆனாலும் விடாமல் எழுதியதில், வண்டியைப் பரிசோதிக்க மதுரையிலிருந்து ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். இங்கேதான் சூசைமேல் எனக்குள்ள கோபத்தைச் சொல்லவேண்டும். இறந்தவர் என்பதற்காக அதை மறைக்கப்போவதில்லை. அன்று காலை நான் அலுவலகம் வந்தால், ஜீப் பளபளவென்று நிற்கிறது! விடியற்காலையிலேயே வந்து தேய்த்துக் கழுவி, பிளக்கைச் சுரண்டி, பிரேக்குக்கு எண்ணெய் ஊற்றி, கசிந்த இடத்தையெல்லாம் துடைத்து வைத்திருக்கிறார். இன்ஜினியர் வந்து சாவியைத் திருகியதும் ஜீப் சமர்த்தாக ஸ்டார்ட் ஆனது. அவர் பானெட்டைத் தட்டிக்கொடுத்து, "ரிப்பேர் செய்து ஓட்டலாம்" என்று எழுதிவிட்டுப் போனார். நான் சூசையைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே, "ஒரு ஆபீசரு முன்னால அழுக்கு வண்டியக் கொண்டாந்து நிறுத்த எனக்குக் கை வரல சார்" என்றார்.

மறு வருடமும் இதே கதைதான். எவ்வளவோ சொல்லிவைத்திருந்தேன். கழுவமட்டும் செய்தேன் என்றார், எஞ்சினையும் தொட்டிருந்தார். மறுபடியும் ரிப்பேர் என்றே எழுதினார்கள். வேறெங்கோ கழித்த வண்டியின் சாமான்கள் வந்து இதில் ஏறின. மறு மாதமே ரெட்டியார்சத்திரம் சாலையில் முன்சக்கரம் கழன்று ஓடியது. நல்லவேளை, அன்று பின்னால் யாரும் இல்லை.

மூன்றாவது பரிசோதனைக்கு நான் ஏமாறத் தயாராக இல்லை. முதல் நாளே ஸ்பானர் பெட்டி, வாளி, துணி எல்லாவற்றையும் ரிக்கார்டு அறையில் வைத்துப் பூட்டினேன். காலையில் சூசை வெறுங்கையோடு ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். மேலெல்லாம் சேறு, அடியில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. பொறுக்கமுடியாமல் தோள் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கப் போனார். நான் துண்டைப் பிடுங்கிக்கொண்டேன். "செத்த நேரம் பேசாம இருங்க சூசை, ரஞ்சிதத்துக்காக" என்றேன். அவர் வேப்பமரத்தடியில் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

இன்ஜினியர் வந்தார். ஜீப் இருமியது, எழவில்லை. பிரேக்கை மிதித்தார், கால் தரைவரை போனது. அவர் திரும்பி எங்கள் அதிகாரியிடம், சர்க்கார் வண்டியை இப்படியா வைத்திருப்பது என்று கேட்டார். அதிகாரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எல்லாம் டிரைவரின் கவனக்குறைவு என்றார். ஒன்பது வருடம் இவர்களைக் குழி விழுந்த சாலைகளில் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொண்டுவந்த ஆளைப் பற்றி, அவர் காதுபடவே அப்படிச் சொன்னார். ஜீப் கண்டமானது. கூடவே சூசைக்கு ஒரு குற்றக்குறிப்பும் பிறந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன் என்று நான் கிளம்பினேன். சூசை என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நீங்க வாயத் தொறந்தீங்கன்னா, கழுவுனா ஓடும் போலன்னு மறுபடியும் ரிப்பேருன்னு எழுதிருவாங்க. வண்டி தொலையட்டும் சார். அவரு சொன்னபடியே நீங்க எழுதுங்க."

புது ஜீப் வந்தது. அதை ஓட்ட வேறு ஆளைப் போட்டார்கள். கவனக்குறைவான டிரைவரிடம் புது வண்டியை எப்படிக் கொடுப்பது என்று அதிகாரி என்னையே கேட்டார். சூசை கடைசிவரை சைக்கிளில் தபால் கொண்டுபோனார். புது ஜீப் யாராவது ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு எதிரே வந்தால், சைக்கிளை ஓரங்கட்டி இறங்கி வழிவிடுவாராம். ஒருமுறை ரஞ்சிதம் வண்டியை நிறுத்தச் சொல்லி, வேறு டிரைவரோடு போகிறேனே, என்மேல் வருத்தமா அண்ணே என்று கேட்டிருக்கிறார். "பிரேக்கு நல்லாப் பிடிக்குதா தாயி? அம்புட்டுத்தான் எனக்கு வேணும்" என்றாராம்.

நேற்று அதிகாரியிடம் போய், சூசையின் பணிப் பதிவேட்டில் உள்ள அந்த ஒரு வரியையாவது அடிக்கவேண்டும் என்று கேட்டேன். இறந்தவர் பதிவேட்டை மூடிக் கட்டிவிட்டோம், இனி திருத்தி யாருக்கு லாபம் என்றார். சூசைக்கு லாபம் இல்லைதான். நாளைக்கு யாராவது கட்டை அவிழ்த்துப் பார்த்தால், "ஓட்டுநரின் அலட்சியத்தால் வாகனம் பழுதடைந்தது" என்று இருக்கும். கீழே சூசையின் கையெழுத்து இருக்கும். அதைப் போடும்போது அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அந்த வரி எவ்வளவு பெரிய பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர் போய்விட்டார். மற்றவன், அதைத் தன் கையால் எழுதிய நான்.