பச்சைக்கு மாறாத சொற்கள்

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியில் நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தபோது மற்றவர்கள் அதைத் தொடவே பயந்தார்கள். நான் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். "டீச்சர் இல்லீன்னா இது சும்மா டி.வி. பொட்டிதாங்க" என்று தலைமையாசிரியர் எல்லாரிடமும் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வாசிப்புப் பயிற்சிக்கென்று போனில் ஒரு செயலி வைத்திருந்தேன். பிள்ளை படிக்கப் படிக்க, சரியாக உச்சரித்த சொல் பச்சையாகும், தவறிய சொல் சிவப்பாகும். ஒவ்வொரு பிள்ளையும் தனியாகப் படித்துப் பழகத்தான் அதைச் செய்திருந்தார்கள். வகுப்பே பார்க்கட்டும் என்று போர்டில் இணைத்தது நான்.

அந்த வருடம் சித்தேரியிலிருந்து ஒரு குடும்பம் பக்கத்துச் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்தது. அவர்களுடைய மகள் என் வகுப்பில் சேர்ந்தாள். தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்த நான்காம் நாளே கடைசிப் பாடம்வரை படித்துவிட்டு, "வேற புஸ்தகம் இருக்குங்களா டீச்சர்?" என்று வந்து நின்றவள்.

'மழை நின்றதும் வீட்டுக்குப் போனார்கள்.' அவளுக்கு வந்த முதல் வாக்கியம் இதுதான். தடுமாறாமல் படித்தாள். ஆனால் அவள் வாயில் மழை 'மள' என்றும், வீட்டுக்கு 'வூட்டுக்கு' என்றும் வந்தது. இரண்டும் சிவப்பு. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இன்னொரு வாட்டி படி" என்றேன்.

மறுபடியும் சிவப்பு. ஐந்து முறை படிக்க வைத்தேன். ஐந்தாவது முறை குரல் நடுங்கி, நான்கு சொற்களுமே சிவப்பாயின. வகுப்பு கைதட்டியது.

செயலி குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் பிள்ளைகள் தூங்கி வழியும்போது அவளுடைய பதிவை ஒலிபெருக்கியில் போடுவேன். "வூட்டுக்கு!" என்று எல்லாரும் சேர்ந்து கத்துவார்கள். வகுப்பு விழித்துக்கொள்ளும். நானும் சிரிப்பேன். என் வீட்டில் நானும் வூடு என்றுதான் பேசுகிறேன்.

ஒரு மாதத்தில் அவள் வாய் திறப்பதை நிறுத்தினாள். படி என்றால் உதடு மட்டும் அசையும். அவள் அம்மா சூளை மண் ஒட்டிய கையோடு வந்து வாசலில் நின்றார்.

"பாப்பா வூட்லயும் பேசறதில்லீங்க டீச்சர். இங்க ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"அவளுக்கு உச்சரிப்பே சரியில்லம்மா. நான் சொல்லல, மிஷினே சொல்லுது" என்று போர்டைக் காட்டினேன்.

அந்த அம்மா சிவப்பு எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோவிச்சுக்காதீங்க டீச்சர். நான்தான் சொல்லித் தரணும். எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றார். நான் அதை மறுக்கவில்லை.

பிறகு, எங்கள் போர்டு வகுப்பைப் பார்க்க அதிகாரி ஒருவர் வருவதாகச் செய்தி வந்தது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ வர வேணாம்" என்றேன். தலையாட்டினாள். ஆனால் அம்மாவும் அப்பாவும் சூளைக்குப் போன பிறகு அவளுக்குப் போக்கிடம் இல்லை போலிருக்கிறது. மறுநாள் பையோடு வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக உட்கார்ந்துகொண்டாள்.

வகுப்பில் வரிக்கு வரி பச்சை விழுந்தது. அதிகாரி என்னைப் பாராட்டிப் படமெடுத்துக்கொண்டார். வெளியே வந்தவர் தொட்டியருகே நின்று, "இந்தப் பாப்பா யாரு? ஏன் கிளாஸ்ல இல்ல?" என்று கேட்டார்.

"பக்கத்துச் சூளைப் புள்ள சார். நம்ம ஸ்கூல் இல்லீங்க."

அவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். அதிகாரி அவளை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறிக்கொண்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். அதன்பின் வரவில்லை. மழைக்காலத்தில் சூளை நின்றதும் அந்தக் குடும்பமும் போய்விட்டது. நான் தேடவில்லை. அவள் இல்லாதது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

போன தை மாதம் அரூர் பேருந்து நிலையத்தில் அவர்களைப் பார்த்தேன். அவள் வளர்ந்திருந்தாள். கையை ஆட்டி ஆட்டி அம்மாவிடம் ஓயாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாதான் முதலில் என்னைக் கண்டு எழுந்தார்.

"டீச்சர், நல்லா இருக்கீங்களா? இப்பப் பரவால்லீங்க, வாய் மூடறதே இல்ல. ஸ்கூலுக்குத்தான் போக மாட்டேங்கறா. ஆடு மேய்க்கறா. பாப்பா, டீச்சருக்கு வணக்கம் சொல்லு."

அவள் உதட்டை இறுக்கிக்கொண்டு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றாள். சொல்ல வேண்டியது என்னவென்று எனக்குத் தெரியும்.

"ஸ்கூலுக்கெல்லாம் ஒழுங்கா போகணும், என்ன?" என்று சொல்லிவிட்டு என் பேருந்தில் ஏறிக்கொண்டேன்.