மூன்றாம் நம்பர் பட்டை

விலங்கு ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் காதம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அறுவை அறையில் மயங்கிக் கிடக்கும் பூனைகளின் ரத்த அழுத்தத்தைக் காதால் கேட்டுச் சொல்வது அவள் வேலை, பதினெட்டு வருடமாக. பூனையின் முன்பாதத்தில் கொஞ்சம் முடி மழித்து, ஜெல் தடவி, டாப்ளர் கருவியின் சட்டைப் பொத்தான் அளவு முனையை வைப்பாள். ரத்தம் 'உஷ், உஷ்' என்று ஓடுவது கருவியின் ஒலிப்பெட்டியில் கேட்கும். காலில் சுற்றிய பட்டையில் காற்றை ஏற்றினால் சத்தம் நிற்கும். இறக்கும்போது எந்த எண்ணில் திரும்புகிறதோ அதுதான் அழுத்தம். சத்தம் லேசாக மெலிந்தாலே, எண்ணைப் பார்க்காமல், "டாக்டரம்மா, இறங்குது" என்பாள். இறங்கித்தான் இருக்கும். கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. பதினெட்டு வருடத்தில் யாருக்குத்தான் வராது?

ஓர்ப்படி வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. கொழுந்தன் மனைவி, வீட்டில் ஒரே அடுப்படி. ஆஸ்பத்திரியில் பெருக்கித் துடைக்கிற வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததே காதம்மாதான். சொந்தக் காசில் சூனியம். வந்தவள் சும்மா இருந்தாளா? இரண்டே வருடத்தில் பயிற்சி முடித்து, புது மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மெஷின் தானே காற்றை ஏற்றி, தானே இறக்கி, திரையில் எண்ணைக் காட்டும்.

"எதுக்குக்கா குனிஞ்சு குனிஞ்சு கேக்கறீங்க? இது பட்டனை அமுக்கினா போதும்" என்று அவள் சொன்ன அன்று காதம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓர்ப்படி நல்லவள் என்பதுதான் எரிச்சலே. கெட்டவளாக இருந்தால் நிம்மதியாகத் திட்டித் தீர்த்திருக்கலாம்.

டாக்டரம்மா இரண்டு வாரக் கெடு வைத்தார். ஒரே பூனைக்கு இருவரும் அளக்க வேண்டும். யார் எண்ணை நம்பலாமோ அவருக்கு அறுவை அறை நாற்காலி. மற்றவர் கருவி கழுவும் அறைக்குப் போகலாம். "மயக்கத்துல இருக்கற பூனைக்கு டாப்ளர் ஒரு பதினஞ்சு கம்மியாத்தான் காட்டும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு" என்று முதல் நாளே ஒரு வார்த்தை வேறு.

பன்னிரண்டாம் நாள் காலையில் காதம்மா மெஷினின் மூன்றாம் நம்பர் பட்டையை எடுத்துத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றைக்கு வரவிருந்தது ஒரு தடித்த கடுவன் பூனை. அதன் காலுக்கு மூன்றுதான் பொருந்தும். ஒல்லியான இரண்டாம் நம்பரைக் கட்டினால் எண் ஏறித் தெரியும். மெஷின் ஒரு நாளாவது உளறட்டுமே என்று வயிறு எரிந்து செய்தாள்.

"அக்கா, மூணாம் நம்பர் பட்டையைப் பாத்தீங்களா?"

"உன் சாமானை நான் எதுக்குப் பாக்கறேன்? என் பட்டை உன் குழாய்ல மாட்டவும் மாட்டாது."

தேடித் தேடிப் பார்த்துவிட்டு ஓர்ப்படி இரண்டாம் நம்பரையே கட்டினாள்.

சிறுநீர்ப்பையில் கல். டாக்டரம்மா வயிற்றைத் திறந்து கால்மணி நேரம் ஆனது.

"நூத்தி முப்பத்தெட்டு" என்றாள் ஓர்ப்படி.

"எழுபது" என்றாள் காதம்மா.

டாக்டரம்மா நிமிரவில்லை. "உங்களுக்குப் பதினஞ்சு கூட்டிப் போட்டாலும் எம்பத்தஞ்சுதான் வருது. மெஷின்ல எண் ஏறிக்கிட்டிருக்கு. மயக்கம் பத்தலை போல. மயக்க வாயுவைக் கொஞ்சம் கூட்டும்மா."

காதம்மாவுக்குத் திக்கென்றது. எண் தப்பாக வரும், எல்லோரும் சிரிப்பார்கள் என்றுதான் நினைத்தாளே ஒழிய, அந்த எண்ணை நம்பி ஒரு கை வாயுவின் திருகைத் திருப்பும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வாயு கூடினால் அழுத்தம் இன்னும் விழும். பெட்டியில் சத்தம் இழையாக மெலிந்துகொண்டிருந்தது. வாயால் சொன்னால் பொறாமையில் சொல்கிறாள் என்பார்கள். அப்படி நினைத்தால் தப்பும் இல்லை.

ஓர்ப்படியின் கை திருகில் பட்டுவிட்டது.

"தொடாதே!" என்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கோட்டுப் பையிலிருந்து மூன்றாம் நம்பர் பட்டையை எடுத்தாள். எல்லோரும் பார்க்கத்தான் எடுத்தாள். இரண்டைக் கழற்றி, இதைச் சுற்றி, குழாயை மாட்டி, பட்டனையும் தானே அமுக்கினாள்.

எண்பத்திரண்டு.

"வாயுவைக் குறை! மருந்து எடு!" என்றார் டாக்டரம்மா. பத்து நிமிடத்தில் சத்தம் பழையபடி தடித்தது. கல்லும் வெளியே வந்தது, பூனையும் பிழைத்தது.

கை கழுவும்போது டாக்டரம்மா ஓர்ப்படியிடம், "பாத்தியா, சரியான பட்டை கட்டினா மெஷின் சரியாத்தான் சொல்லுது" என்றார். காதம்மாவை ஒருமுறை பார்த்தார். நாற்காலி யாருக்கு என்பது அதிலேயே முடிந்துபோயிற்று. மெஷினுக்குச் சாட்சி சொல்லித் தோற்றவள் காதம்மா ஒருத்திதான்.

வீட்டுக்குப் போகிற வழியில், "காலைலேர்ந்து தேடினேன்க்கா" என்றாள் ஓர்ப்படி.

"நான்தான் எடுத்தேன்."

"தெரியும்." வீட்டில் ஒருவரிடமும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இவள் அதற்கும் வழி வைக்கவில்லை.

இப்போது காதம்மா கழுவும் அறையில் இருக்கிறாள். ஒவ்வொரு பூனைக்கு முன்னாலும் ஓர்ப்படி பட்டைகளை அள்ளிக்கொண்டு வந்து, "இந்தக் காலுக்கு எதைக்கா கட்டட்டும்?" என்று கேட்கிறாள். அந்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்து கேட்கிறாள். காதம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பூனையின் காலைப் பிடித்துப் பார்ப்பாள். தடித்த கால் என்றால் நுனி நாக்குவரை இரண்டு என்று வரும்.

"மூணு" என்பாள்.